ஓட்டத்தில் நாம் செய்யும் தவறுகள்: சேலத்து ஓட்டக்காரர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

சேலத்தில் காந்தி ஸ்டேடியத்திலும் ஏற்காடு அடிவாரச் சாலையிலும் காலையில் ஓடுகிறவர்கள் கூடிக்கொண்டே வருகிறார்கள். கூடவே குதிகால் வலி, முட்டி வலி, "மூணு மாசம் ஓடினேன், அப்புறம் விட்டுட்டேன்" என்கிற கதைகளும் கூடுகின்றன. புதிதாக ஓட வருகிறவர்கள் திரும்பத் திரும்பக் கேட்பவற்றை இங்கே ஒன்றாக எழுதிவைக்கிறேன். பதில்களில் பாதி ஓடாத நேரத்தைப் பற்றியதாக இருக்கும். காலை ஒரு மணி நேரம் எப்படி ஓடுகிறோம் என்பதைப் பெரும்பாலும் மீதி இருபத்து மூன்று மணி நேரம்தான் தீர்மானிக்கிறது.

ஓடுவதற்குக்கூடச் சொல்லித் தர வேண்டுமா? சின்ன வயசில் யாரும் சொல்லித் தராமல்தானே ஓடினோம்?

ஓடினோம், நன்றாகவே ஓடினோம். ஆனால் எப்படி ஓடினோம் என்று யோசித்துப் பாருங்கள். பத்து விநாடி ஓட்டம், நிற்றல், திரும்பவும் ஓட்டம். அதுவும் நாள் முழுக்க நடந்து, மரம் ஏறி, தரையில் உட்கார்ந்து எழுந்த உடம்போடு. அதற்குப் பிறகு பதினைந்து இருபது வருஷம் நாற்காலி, பைக், சோபா. முப்பத்தைந்து வயதில் ஒரு நாள் டாக்டர் சர்க்கரை எல்லையில் இருக்கிறது என்றதும் நேராகப் போய் ஐந்து கிலோமீட்டர் ஓடுகிறோம். ஓடும் விதம் மறக்கவில்லை. அதற்கு வேண்டிய இடுப்பின் வளைவும் கணுக்காலின் மடக்கமும் பாதத்தின் வலுவும்தான் குறைந்துபோயின.

அதனால் "சரியான ஓட்ட முறை" என்று யூடியூபில் ஒருவர் ஓடுவதைப் பார்த்து அப்படியே நடிக்க முயலாதீர்கள். 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் 5,000 மீட்டர், 10,000 மீட்டர், மாரத்தான் மூன்றிலும் தங்கம் வென்ற எமில் ஜாட்டோபெக் தலையை ஆட்டிக்கொண்டு, முகத்தைக் கோணிக்கொண்டு, பார்ப்பவர் பரிதாபப்படும்படி ஓடுவார். 2003-ல் பெண்கள் மாரத்தானில் 2 மணி 15 நிமிடம் 25 விநாடியில் உலக சாதனை படைத்த பவுலா ராட்கிளிஃபின் தலையும் ஆடிக்கொண்டேதான் இருக்கும். அந்தச் சாதனையை முறியடிக்கப் பதினாறு வருஷம் பிடித்தது. ஓட்டம் அழகாக இருக்க வேண்டும் என்று எந்த அவசியமும் இல்லை. வலி இல்லாமல், வீண் செலவு இல்லாமல் இருந்தால் போதும்.

எல்லாரும் செய்கிற தவறு எது? ஒன்றே ஒன்று சொல்லுங்கள்.

வேகம். புதியவர்களில் பெரும்பாலானோர் தங்களால் முடிகிற வேகத்தைவிட வேகமாக ஓடுகிறார்கள். காலை, கையை, ஷூவைப் பற்றிக் கேட்பவரை முதலில் மெதுவாக ஓடச் சொன்னாலே பாதிக் கேள்விகள் காணாமல் போகும். மூச்சு வாங்கும்போது தோள் காதருகே ஏறிவிடுகிறது, கை விரல்கள் இறுகுகின்றன, இடுப்பு உட்கார்ந்துவிடுகிறது. களைத்த உடம்பிடம் நல்ல முறையை எதிர்பார்க்க முடியாது.

அளவு எளிது. பக்கத்தில் ஓடுபவரிடம் நேற்று ராத்திரி வீட்டில் என்ன சாப்பாடு என்பதை முழு வாக்கியமாகச் சொல்ல வேண்டும். நடுவில் மூச்சு வாங்கினால் வேகம் அதிகம். அவ்வளவு மெதுவாக ஓடவே முடியவில்லை என்றால் நடங்கள். இரண்டு நிமிடம் ஓட்டம், ஒரு நிமிடம் நடை என்று ஆரம்பிப்பதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. ஸ்டேடியத்தில் நம்மை யாரும் கவனிப்பதில்லை. அவரவர் மூச்சுதான் அவரவர் கவலை.

அடியை நீளமாக எடுத்து வைக்கக் கூடாது என்கிறார்களே, ஏன்? நீள அடி வைத்தால்தானே தூரம் கடக்க முடியும்?

அடி நீளமாக இருப்பது தப்பில்லை. நீளம் எந்தப் பக்கம் என்பதுதான் விஷயம். வேகமாக ஓடுகிறவரின் கால் உடம்புக்குப் பின்னால் நன்றாக நீளும். நம்மில் பலருக்குக் கால் உடம்புக்கு முன்னால் நீள்கிறது. முழங்கால் கிட்டத்தட்ட நேராக இருக்க, பாதம் இடுப்புக்கு வெகு முன்னே போய்த் தரையில் இறங்குகிறது. அந்த நொடியில் தரை உங்களைப் பின்னால் தள்ளுகிறது. ஒவ்வொரு அடியிலும் கொஞ்சம் வேகத்தை இழந்து, அதைத் திரும்பச் சம்பாதித்துக்கொண்டு ஓடுகிறீர்கள். மடங்காத முழங்கால் அதிர்ச்சியைத் தாங்காமல் மேலே அனுப்பிவிடுகிறது.

இதைக் கண்டுபிடிக்கக் கருவி வேண்டாம். நண்பரைப் பக்கவாட்டில் நிற்கவைத்து, போனை இடுப்பு உயரத்தில் பிடித்து, ஸ்லோமோஷனில் ஒரு வீடியோ எடுக்கச் சொல்லுங்கள். பாதம் தரையைத் தொடும் அந்த ஒரு படத்தில் நிறுத்துங்கள். முழங்காலுக்குக் கீழே உள்ள கால் கிட்டத்தட்ட செங்குத்தாக இருந்தால் நல்லது. முன்பக்கம் சாய்ந்து, ஷூவின் முன்நுனி மேலே தூக்கியிருந்தால் அடியை முன்னால் நீட்டுகிறீர்கள். வீடியோ எடுக்க ஆள் இல்லையா? சத்தத்தைக் கேளுங்கள். விடியற்காலையில் பின்னால் யாராவது "டப், டப்" என்று வந்தால் திரும்பிப் பார்க்காமலே சொல்லிவிடலாம்.

சரிசெய்ய எளிய வழி, அடிகளின் எண்ணிக்கையைக் கொஞ்சம் கூட்டுவது. அரை நிமிடத்துக்கு வலது கால் எத்தனை முறை தரையைத் தொடுகிறது என்று எண்ணி நான்கால் பெருக்குங்கள். 152 வந்தால் 160-க்குக் கொண்டுவாருங்கள், வேகத்தைக் கூட்டாமல். ஐந்து முதல் பத்து சதவீதம் கூட்டினாலே முழங்கால் மீதும் இடுப்பு மீதும் விழும் பாரம் குறைகிறது என்பது ஆய்வுக்கூடங்களில் அளந்து பார்த்த விஷயம். காலை எங்கே வைப்பது என்று யோசிக்கவே வேண்டாம். எண்ணிக்கை கூடும்போது பாதம் தானாக உடம்புக்குக் கீழே வந்துவிடும்.

நிமிடத்துக்கு 180 அடி இருக்க வேண்டுமாமே?

1984 லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில் ஜாக் டேனியல்ஸ் என்ற அமெரிக்கப் பயிற்சியாளர் வீரர்களின் அடிகளை எண்ணிப் பார்த்தார். கிட்டத்தட்ட எல்லாரும் 180 அல்லது அதற்கு மேல். அங்கிருந்து கிளம்பிய எண்தான் இன்று எல்லார் வாட்ச்சிலும் உட்கார்ந்திருக்கிறது. அவர் எண்ணியது போட்டியில் பறக்கிற ஒலிம்பிக் வீரர்களை. ஆறடி உயரமுள்ள ஒருவர் அடிவாரச் சாலையில் கிலோமீட்டருக்கு ஏழரை நிமிடம் என்று ஓடும்போது அந்த எண் எதற்கு? உங்கள் எண்ணிக்கையில் கொஞ்சம் கூட்டுங்கள், அது போதும்.

குதிகால் முதலில் பட்டால் தவறா? முன்பாதத்தில்தான் இறங்க வேண்டுமா?

தவறில்லை. ஷூ போட்டு நெடுந்தூரம் ஓடுகிறவர்களில் பெரும்பாலானோருக்குக் குதிகால்தான் முதலில் படுகிறது. பாதம் எங்கே இறங்குகிறது என்பதைவிட, எந்த பாகம் முதலில் படுகிறது என்பது சின்ன விஷயம். முன்பாதத்துக்கு மாறினால் முழங்காலின் சுமை குறையும், உண்மைதான். ஆனால் அந்தச் சுமை மறைந்துபோவதில்லை. கெண்டைக்காலுக்கும் குதிகால் தசைநாருக்கும் இடம் மாறுகிறது. முட்டி வலிக்குப் பரிகாரம் தேடி மாறியவர், இரண்டு மாதத்தில் கெண்டைக்காலைப் பிடித்துக்கொண்டு வருவார். தொந்தரவு இல்லாத காலைத் தொந்தரவு செய்யாதீர்கள்.

காலை ஒன்பது முதல் மாலை ஏழு வரை உட்கார்ந்தே வேலை. இது ஓட்டத்தைப் பாதிக்குமா?

பாதிக்கும். எப்படி என்பதைக் கொஞ்சம் விவரமாகப் பார்க்கலாம், ஏனென்றால் இதில் மிகைப்படுத்தல் நிறைய.

உட்காரும்போது தொடை வயிற்றை நோக்கி மடங்கியிருக்கிறது. ஓடும்போது அதற்கு நேரெதிர் தேவை: தொடை உடம்புக்குப் பின்னால் போக வேண்டும். வருஷக்கணக்கில் மடங்கியே இருந்த இடுப்பு முன்பக்கம் பின்னால் போக மறுக்கும். அப்போது உடம்பு இரண்டு குறுக்கு வழி தேடும். ஒன்று, கீழ் முதுகை உள்ளே வளைத்து, தொடை பின்னால் போனது போல ஏமாற்றும். ஓடிய பிறகு கீழ் முதுகு வலிக்கிறது என்பவர்களில் சிலருக்கு இதுதான். இன்னொன்று, பின்னால் கிடைக்காத நீளத்தை முன்னால் எடுக்கும். மேலே சொன்ன நீள அடி அப்படித்தான் வருகிறது. ஆக, ஸ்டேடியத்தில் தெரிகிற தவறு ஆபீஸ் நாற்காலியில் செய்தது.

"உட்கார்ந்து உட்கார்ந்து பிட்டத் தசை தூங்கிவிட்டது" என்று ஜிம்களில் சொல்வார்கள். தசை எதுவும் தூங்குவதில்லை. தூங்கியிருந்தால் நாற்காலியிலிருந்து எழவே முடியாது. வேலை கொடுக்காததால் வலு குறைந்திருக்கிறது, வேலை கொடுத்தால் திரும்ப வரும்.

உட்கார்ந்த வேலை புதிதா என்று கேட்கலாம். அம்மாப்பேட்டை, குகை பக்கம் குழித்தறியில் நெய்தவர்களும் செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிக் கொலுசுக்குக் கண்ணி கோத்தவர்களும் நாள் முழுக்க உட்கார்ந்தவர்கள்தானே? உண்மை. அவர்களுக்கும் கழுத்து வலியும் முதுகு வலியும் உண்டு, அதை மறைக்க வேண்டாம். ஆனால் தறிக்காரரின் இரு கால்களும் குழிக்குள் மிதியை மிதித்துக்கொண்டே இருந்தன. டீக்கடைக்கு நடந்து போனார், சாப்பாட்டுக்குத் தரையில் உட்கார்ந்து எழுந்தார். நம் வேலையில் அசைவது இரண்டு கட்டைவிரல். தெருமுனைக் கடைக்குத் தயிர் வாங்கவும் பைக்கை ஸ்டார்ட் செய்கிறோம்.

சோதித்துப் பார்க்க: கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து அப்படியே மல்லாந்து படுங்கள். ஒரு முழங்காலை இரண்டு கையாலும் மார்போடு கட்டிப் பிடியுங்கள். மற்றக் காலைத் தளர்வாகக் கட்டிலுக்கு வெளியே தொங்கவிடுங்கள். தொங்கும் தொடை கட்டில் மட்டத்துக்கு இறங்கினால் நல்லது. அந்தரத்தில் தூக்கிக்கொண்டே நின்றால் இடுப்பு முன்பக்கம் இறுகியிருக்கிறது.

பரிகாரத்தில் முதல் வேலை, அரை மணிக்கு ஒரு முறை எழுவது. தண்ணீர் பாட்டிலை மேசையிலேயே வைக்காதீர்கள். ஒவ்வொரு வாய்க்கும் எழுந்து போகும்படி தூர வையுங்கள். போன் வந்தால் நின்று பேசுங்கள். ராத்திரி டிவி பார்க்கும்போது ஒரு முழங்காலைத் தரையில் ஊன்றி, மற்றக் காலை முன்னால் மடக்கி வைத்து, இடுப்பை மெதுவாக முன்னே தள்ளி அரை நிமிடம் இருங்கள். பிறகு மல்லாந்து படுத்து, முழங்கால் மடக்கி, இடுப்பைத் தூக்கி இறக்குங்கள். முதலில் இரண்டு காலில், சில வாரம் கழித்து ஒரே காலில். இதைச் செய்யாமல் ஓட்டத்தில் மட்டும் "நிமிர்ந்து ஓடு, காலைப் பின்னால் தள்ளு" என்று தனக்குத்தானே கட்டளை போடுவதில் பயனில்லை.

என்னால் குத்தவைத்து உட்காரவே முடியவில்லை, பின்னால் விழுகிறேன். அதற்கும் ஓட்டத்துக்கும் சம்பந்தம் உண்டா?

நல்ல கேள்வி. குத்தவைத்து உட்காரும்போது குதிகால் தரையில் இருக்க, முழங்கால் பாதத்துக்கு மேலே முன்னே போகிறது. ஓடும்போது உடம்பு பாதத்தின் மேல் கடந்து போகும் நொடியிலும் கணுக்கால் இதே திசையில்தான் மடங்குகிறது. மேற்கத்தியக் கழிப்பறை, டைனிங் டேபிள், ஹீல்ஸ் வைத்த செருப்பு எல்லாம் வந்தபின் அந்த மடக்கத்தைத் தினமும் பயன்படுத்தும் வேலையே இல்லாமல் போயிற்று. கணுக்கால் மடங்காதபோது குதிகால் சீக்கிரமாகத் தூக்கிக்கொள்ளும், அல்லது பாதம் உள்பக்கம் சாய்ந்து வழி தேடும்.

சுவருக்கு எதிரே நின்று, கால் பெருவிரலைச் சுவரிலிருந்து நான்கு விரல் அகலம் தள்ளி வைத்து, குதிகால் தூக்காமல் முழங்காலால் சுவரைத் தொடுங்கள். சுலபமாகத் தொட்டால் இன்னும் தள்ளி நில்லுங்கள். பத்து சென்டிமீட்டர் தூரத்தில் தொட முடிந்தால் ஓட்டத்துக்குத் தாராளம். ஒரு காலுக்கும் மறுகாலுக்கும் பெரிய வித்தியாசம் இருந்தால், வலி வருகிற கால் எது என்று யோசித்துப் பாருங்கள்.

தரையில் உட்கார்ந்து ஒரு வேளையாவது சாப்பிடுங்கள், கையை ஊன்றாமல் எழப் பாருங்கள். ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு குத்தவைத்து உட்காரப் பழகுங்கள். படிக்கட்டு விளிம்பில் முன்பாதத்தை வைத்துக் குதிகாலை மேலே தூக்கி, மெதுவாகப் படிக்குக் கீழே இறக்குங்கள். கடைசியாகச் சொன்னதை ஓடுகிற எல்லாரும் செய்ய வேண்டும். ஓட்டத்தில் கெண்டைக்கால்தான் பெரிய கூலிக்காரன், நாம் அதைக் கவனிப்பதே இல்லை. முட்டி மாற்று அறுவை செய்தவர்களும் ஏற்கெனவே முட்டி தேய்ந்த பெரியவர்களும் மட்டும் குத்தவைக்கும் முயற்சியை டாக்டரிடம் கேட்டுச் செய்யுங்கள்.

போன் பார்ப்பதால் ஓட்டம் கெடுமா?

தலையின் எடை கிட்டத்தட்ட ஐந்து கிலோ. அது தோளுக்கு நேர் மேலே இருந்தால் கழுத்துக்குப் பெரிய வேலை இல்லை. முன்னால் தொங்கினால் கழுத்தும் மேல்முதுகும் அதை இழுத்துப் பிடித்துக்கொண்டே இருக்க வேண்டும். போன் பார்த்த கழுத்தை அப்படியே ஓட்டத்துக்கும் கொண்டுவருகிறோம். பார்வை கால் விரலில் இருக்கும், தோள் முன்னே சுருண்டிருக்கும். மார்பு சுருங்கினால் கையைப் பின்னால் வீச முடியாது, வயிற்றுக்குக் குறுக்கே ஆட்டுவோம். இருபது மீட்டர் முன்னால் பாருங்கள். சேலத்து ரோட்டில் பள்ளமும் நாயும் உண்டு, அதனால் அவ்வப்போது கீழே ஒரு பார்வை பார்ப்பதைக் குற்றம் சொல்லமாட்டேன்.

போனைக் கையில் பிடித்து ஓடுவது இன்னொரு கெட்ட பழக்கம். பிடித்த கை ஆடாது, மற்றது ஆடும். இடுப்பில் கட்டும் பையில் போடுங்கள். காதில் இயர்போன் பற்றி: ஸ்டேடியத்துக்குள் சரி, ரோட்டில் ஒரு காதில் மட்டும், மலைப்பாதையில் வேண்டவே வேண்டாம்.

எந்த ஷூ வாங்கலாம்? மெத்தை அதிகமாக இருந்தால் நல்லதா, வெறுங்காலில் ஓடுவது நல்லதா?

1960 ரோம் ஒலிம்பிக் மாரத்தானில் எத்தியோப்பியாவின் அபேபே பிக்கிலா வெறுங்காலில் ஓடி 2 மணி 15 நிமிடம் 16 விநாடியில் வென்றார். வெறுங்கால் பிரியர்கள் இதைச் சொல்வார்கள். நான்கு வருஷம் கழித்து டோக்கியோவில் அதே பிக்கிலா ஷூ போட்டு ஓடி, இன்னும் மூன்று நிமிடம் வேகமாக வென்றார். அதைச் சொல்லமாட்டார்கள்.

2010-ல் ஹார்வர்டின் டேனியல் லீபர்மேன் குழு, பழக்கமாக வெறுங்காலில் ஓடுகிறவர்கள் பெரும்பாலும் முன்பாதத்தில் மெதுவாக இறங்குகிறார்கள் என்று காட்டியது. உடனே உலகம் முழுக்க மெல்லிய ஷூ மோகம் கிளம்பியது. சின்ன வயதிலிருந்தே ஷூ போட்ட பாதங்கள் ஒரே மாதத்தில் மாறப் பார்த்ததில் பாத எலும்பில் விரிசல் கண்டவர்கள் உண்டு. விரல் விரலாகப் பிரிந்த மெல்லிய ஷூவை விற்ற விப்ரம் கம்பெனி, உடல்நலப் பலன்களை மிகையாகச் சொன்னதாகத் தொடரப்பட்ட வழக்கில் 2014-ல் 37.5 லட்சம் டாலருக்குச் சமரசம் செய்துகொண்டது. இப்போது எதிர்த்திசையில் மோகம்: தடித்த மெத்தை. ரோட்டுப் போட்டிகளுக்கு 40 மில்லிமீட்டருக்கு மேல் தடிமன் கூடாது என்று உலக தடகள அமைப்பே விதி போட வேண்டியதாயிற்று.

வாங்கும்போது மாலையில் போங்கள், பாதம் கொஞ்சம் வீங்கியிருக்கும். பெருவிரலுக்கு முன்னால் ஒரு கட்டைவிரல் அகலம் இடம் வேண்டும், விரல்கள் பக்கவாட்டில் விரிய வேண்டும். நம் ஊரில் செருப்பில் வளர்ந்த பாதம் முன்பக்கம் அகலம், அதனால் நீளம் சரியாக இருந்தும் பக்கத்தில் இறுக்கும் ஷூ நிறைய. கடைக்குள்ளேயே நாலு எட்டு ஓடிப் பாருங்கள். சௌகரியமாக இருப்பதே நல்ல ஷூ. விலைக்கும் காயம் வராமைக்கும் சம்பந்தம் இல்லை. 500 முதல் 800 கிலோமீட்டரில் மாற்றுங்கள். வெறுங்காலில் நடக்க ஆசையா, வீட்டுக்குள் நடங்கள், மொட்டை மாடியில் நடங்கள். பாதத்துக்கு அது நல்ல வேலை.

ஏற்காடு மலைப்பாதையில் ஓடலாமா?

ஓடலாம், ஆனால் ஆசைக்கும் தகுதிக்கும் நடுவில் 20 கொண்டை ஊசி வளைவுகள் இருக்கின்றன. சேலம் கடல் மட்டத்திலிருந்து 300 மீட்டருக்குக் கொஞ்சம் குறைவு, ஏற்காடு ஏறக்குறைய 1,500. அடிவாரத்திலிருந்து மேலே போகும் 20 கிலோமீட்டர் சொச்சத்தில் 1,100, 1,200 மீட்டர் ஏறுகிறோம். உயரத்தால் காற்று மெலிந்து மூச்சு வாங்குகிறது என்று நினைக்காதீர்கள். அந்த உயரத்தில் அதன் பாதிப்பு லேசானதுதான். மூச்சு வாங்குவது ஏற்றத்தால்.

ஏறும்போது வேகத்தை மறந்துவிடுங்கள், முயற்சியைச் சமமாக வையுங்கள். அடி சின்னதாக, சாய்வு இடுப்பிலிருந்து அல்லாமல் கணுக்காலிலிருந்து. இடுப்பில் மடங்கி ரோட்டைப் பார்த்து ஏறினால் மூச்சுக்கு இடம் இருக்காது. செங்குத்தான வளைவில் நடங்கள். மலை ஓட்டப் போட்டியில் பெரிய வீரர்களே நடப்பார்கள். முழங்காலுக்கு ஏற்றம் நல்லதுதான், பாதம் முன்னால் நீள வழியே இல்லாததால். நீள அடி வைப்பவர்களை வாரம் ஒரு நாள் கொஞ்ச தூரம் ஏற்றத்தில் ஓடச் சொல்வதற்கு அதுதான் காரணம்.

ஆளைப் படுக்கவைப்பது இறக்கம். இறங்கும்போது தொடையின் முன்தசை நீண்டுகொண்டே பாரத்தைத் தாங்குகிறது. தசையில் நுண்ணிய சேதம் ஏற்படுவது இந்த வகை வேலையில்தான் அதிகம். அன்றைக்கு ஒன்றும் தெரியாது. மூச்சும் வாங்காததால் உற்சாகமாக ஓடி இறங்குவோம். இரண்டாம் நாள் மாடிப்படி இறங்கும்போது சுவரைப் பிடித்துக்கொண்டு பக்கவாட்டில் இறங்க வேண்டியிருக்கும். பலர் பின்னால் சாய்ந்து, காலை முன்னால் ஊன்றி ஊன்றி இறங்குகிறார்கள், அதுதான் முட்டிக்கு ஆகாது. மலை பஸ் டிரைவர்கள் ஏறின கியரிலேயே இறங்குவது போல, ஏறும்போது வைத்த அதே குட்டி அடிகளை இறங்கும்போதும் விடாதீர்கள். முதல் முறை இரண்டு கிலோமீட்டர் இறக்கம் போதும். ஒரு முறை வலித்து ஆறிய தசை அடுத்த சில வாரத்துக்கு அதே இறக்கத்தை நன்றாகத் தாங்கும், அதனால் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டலாம். ஏறி ஓடிவிட்டு, பஸ்ஸில் இறங்குவதும் மதிப்பான முடிவே.

வாகனங்களுக்கு எதிர்ப்பக்கமாக, அதாவது வலது ஓரத்தில் ஓடுவதே பொது விதி. எதிரே வருவது தெரியாத வளைவில் மட்டும், முன்னும் பின்னும் பார்த்து, வெளி ஓரத்துக்கு மாறிக்கொள்ளுங்கள். சனி, ஞாயிறு வெளியூர் வண்டிகள் வருவதற்கு முன் முடித்துவிடுங்கள். கையில் வாழைப்பழத்தையோ பிளாஸ்டிக் கவரையோ பிடித்துக்கொண்டு ஓடாதீர்கள், குரங்கு உங்களைவிட வேகம்.

மலையில் சமதளம்போல ஓட ஆசைப்பட்டால் மேலே ஏரியைச் சுற்றிய சாலைகள் இருக்கின்றன. 32 கிலோமீட்டர் லூப் ரோடு காப்பித் தோட்டங்களுக்கு நடுவே ஏறி இறங்கிப் போகும். அழகானது, ஆனால் மாரத்தான் பழகியவர்களுக்கானது. காட்டெருமை குறுக்கிடும் இடங்கள் உண்டு, விடிந்த பிறகு கிளம்புங்கள்.

ஒரு காலில் மட்டும் வலி வருகிறது. ஏன்?

தினமும் ஒரே ரோட்டின் ஒரே ஓரத்தில் ஓடுகிறீர்களா? மழைத்தண்ணீர் வடிய ரோட்டை இரு பக்கமும் சரித்துப் போட்டிருப்பார்கள். ஓரத்தில் ஓடும்போது ஒரு கால் உயரத்தில், ஒரு கால் பள்ளத்தில். ஸ்டேடியத்தில் எப்போதும் இடது பக்கமாகவே வளைந்து ஓடுவதும் இதே கதை. ஓடுதளத்தில் ஆள் இல்லாத நேரத்தில் திசையை மாற்றுங்கள். பின் பாக்கெட்டில் தடித்த பர்ஸை வைத்து நாள் முழுக்க உட்காருகிறவர்கள் முதலில் அதை எடுத்து வெளியே வையுங்கள்.

ஓடுவதற்கு முன் ஸ்ட்ரெட்சிங் கட்டாயமா?

நின்ற இடத்தில் காலைப் பிடித்து இழுத்துக்கொண்டிருப்பது காயத்தைத் தடுப்பதாகத் தெரியவில்லை. ஐந்து நிமிடம் வேகமாக நடங்கள், காலை முன்னும் பின்னும் வீசுங்கள், மெதுவாக ஆரம்பியுங்கள். இழுத்துப் பிடிக்கும் பயிற்சியை மாலையில் செய்யுங்கள்.

மூக்கால் மட்டும்தான் மூச்சு விட வேண்டுமா?

மெதுவாக ஓடும்போது முடிந்தால் மூக்கு. முடியாதபோது வாயும் திறக்கட்டும். அதற்காகத்தான் இருக்கிறது.

சித்திரை வெயிலில் ஓட்டத்தை நிறுத்திவிடலாமா?

நிறுத்த வேண்டாம், நேரத்தை மாற்றுங்கள். ஏப்ரல், மே மாதங்களில் சேலத்துப் பகல் 38, 40 டிகிரிக்குப் போகும். மாலை ஆறு மணிக்கும் தார் ரோடு அனலடிக்கும். விடியற்காலைதான் ஒரே வழி. உடம்பு வெக்கைக்குப் பழக ஒன்று முதல் இரண்டு வாரம் ஆகும். அதுவரை வாட்ச் காட்டும் வேகம் குறைந்தே இருக்கும், அதற்காக வருத்தப்பட்டு மிதிக்காதீர்கள். ஒரு மணி நேரத்துக்குள் ஓட்டம் என்றால் தாகத்துக்குத் தண்ணீர் போதும். நீண்ட ஓட்டத்துக்கு உப்புப் போட்ட மோர் அருமையான பானம், ஓடி முடித்த பிறகு. தாகம் இல்லாமலே லிட்டர் லிட்டராகக் குடிப்பதும் ஆபத்து, ரத்தத்தில் உப்பு நீர்த்துப்போகும். தலை சுற்றல், உளறல், வியர்வை நின்று உடம்பு கொதிப்பது போன்றவை வந்தால் நிழலில் கிடத்தி உடம்பு முழுக்கத் தண்ணீர் ஊற்றி, 108-ஐக் கூப்பிடுங்கள்.

வாட்ச் சொல்வதை நம்பலாமா?

தூரத்துக்கு ஓரளவு நம்பலாம். மரம் அடர்ந்த வளைவுச் சாலையில் அது குழம்பும். மணிக்கட்டில் அளக்கும் இதயத் துடிப்பும் சில நேரம் அடி எண்ணிக்கையைத் துடிப்பு என்று காட்டும். 220-லிருந்து வயதைக் கழித்து வரும் எண், ஆளுக்கு ஆள் பத்து பன்னிரண்டு துடிப்பு முன்னே பின்னே இருக்கும். வாட்ச்சின் பெரிய கெடுதல், நேற்றையவிட இன்று வேகம் என்று தினமும் உங்களைப் போட்டிக்கு இழுப்பதுதான். வாரம் ஒரு நாள் கழற்றி வைத்துவிட்டு ஓடிப் பாருங்கள்.

குழந்தை பிறந்து நாலு மாதம் ஆகிறது. ஓட ஆரம்பிக்கலாமா, அக்கா?

மூன்று மாதத்துக்கு முன் வேண்டாம் என்பதே பொதுவான அறிவுரை, அது கடந்துவிட்டது, சரி. ஆனால் மாதக் கணக்கு மட்டும் போதாதும்மா. அரை மணி நேரம் வேகமாக நடந்தால், ஒரே காலில் நின்றால், லேசாகக் குதித்தால் சிறுநீர் கசிகிறதா, அடிவயிறு கீழே இறங்குவது போலப் பாரமாக இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் முதலில் இடுப்படித் தசைக்கான பயிற்சி. இருமினால் கசிவதைப் "பிள்ளை பெற்றால் அப்படித்தான்" என்று பெரியவர்கள் சொல்லிவிடுவார்கள். அது சரியாகக்கூடிய விஷயம், பெண் மருத்துவரிடமோ பிசியோதெரபிஸ்ட்டிடமோ கூச்சப்படாமல் சொல்லுங்கள். சிசேரியன் என்றால் இன்னும் பொறுமை.

ஓடினால் முட்டி தேய்ந்துவிடும் என்று வீட்டில் பயமுறுத்துகிறார்கள்.

பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து 2017-ல் வந்த ஒரு கட்டுரையின் கணக்கு இது: இடுப்பு, முழங்கால் மூட்டுத் தேய்மானம் பொழுதுபோக்காக ஓடுகிறவர்களில் 3.5 சதவீதம், ஓடாதவர்களில் 10.2 சதவீதம், தொழில்முறைப் போட்டியாளர்களில் 13.3 சதவீதம். முட்டி கெட்டவர்கள் ஓட்டத்தை விட்டிருப்பார்கள் என்பதால் ஓட்டமே மூட்டைக் காப்பாற்றியது என்று இதிலிருந்து அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் நம்மைப் போல அளவோடு ஓடினால் தேயும் என்கிற பயத்துக்கு ஆதாரம் இல்லை. வீட்டில் இதைக் காட்டுங்கள். கேட்பார்கள் என்று உத்தரவாதம் தரமுடியாது.

எந்த வலியோடு ஓடலாம், எதற்கு நிற்க வேண்டும்?

இரண்டு காலிலும் சமமாக, தசையில், தொட்டால் பரவலாக வலித்து, இரண்டு மூன்று நாளில் தணிகிற வலி பழக்கத்தின் வலி. நடங்கள், மெதுவாக ஓடுங்கள். பத்துக்கு மூன்று என்று சொல்லக்கூடிய லேசான வலி, ஓட ஓடக் கூடாமல், மறுநாள் காலை பழைய நிலைக்கு வந்துவிட்டால் அதோடு ஓடலாம், தூரத்தைக் குறைத்து. காலையில் கட்டிலை விட்டு இறங்கும் முதல் எட்டுகளில் குதிகால் குத்தினால் பாதத்தின் அடி நாண் பிரச்சினையாக இருக்கும். இதற்குப் படி விளிம்பில் செய்யும் குதிகால் பயிற்சி உதவும், பொறுமை மாதக் கணக்கில் வேண்டும்.

நிறுத்த வேண்டியது: நடையே மாறும்படி நொண்டவைக்கிற வலி, ராத்திரி தூங்கும்போதும் வலிப்பது, எலும்பின் மேல் ஒரு விரல் நுனியால் "இங்கேதான்" என்று காட்டக்கூடிய வலி. அந்தக் காலால் ஒரே ஒரு தடவை குதிக்கவே முடியவில்லை என்றால் எலும்பில் விரிசல் இருக்கலாம். ஆரம்பத்தில் எக்ஸ்ரேயில் தெரியாமலும் போகும், அதனால் "எக்ஸ்ரே நார்மல்" என்றதும் மறுநாளே ஓடிவிடாதீர்கள், எலும்பு மருத்துவரிடம் ஓடுகிறவர் என்பதைச் சொல்லிக் கேளுங்கள். ஓடும்போது மார்பில் அழுத்தம், இடது கைக்கோ தாடைக்கோ பரவும் வலி, மயக்கம் வந்தால் அது கால் சம்பந்தப்பட்ட கேள்வியே இல்லை. அங்கேயே நின்று உடனே 108-ஐக் கூப்பிடச் சொல்லுங்கள். நாற்பது தாண்டியவர்களும் சர்க்கரை, ரத்த அழுத்தம் உள்ளவர்களும் ஆரம்பிக்கும் முன்பே இதயப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள்.